வளைகுடாவுக்குத் திரும்பி வரும் திமிங்கலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திமிங்கலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை போகப் போக. ஒரு இடத்தில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை, மேலே பாருங்கள் என்று வந்தால் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருஷா வருஷம் ஒரே வளைகுடாவுக்கு எதுக்கு வருது?

குட்டி போட, போட்ட குட்டியைத் தேற்ற, ஜோடி சேர. பெரிய திமிங்கலங்களில் பலவற்றுக்கு வருடம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: கோடையில் துருவத்தை ஒட்டிய குளிர் கடலில் வயிறு முட்டத் தீனி, குளிர்காலம் நெருங்கியதும் வெதுவெதுப்பான கடலைப் பார்த்துப் பயணம். ஹம்ப்பேக் என்று சொல்லப்படும் கூன்முதுகுத் திமிங்கலத்துக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். இந்தப் பருவத்தில் சினைப்பட்டால் அடுத்த பருவம் அதே மாதிரிக் கடலுக்கு வந்து ஈன முடியும்.

தீனிக்காகவே வருகிற வளைகுடாக்களும் உண்டு. கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது, கோடையில் அங்கே கிரில் என்ற சின்னஞ்சிறு இறால் இனமும் சிறுமீனும் குவியும், அதைத் தேடி ஹம்ப்பேக்கும் நீலத் திமிங்கலமும் வரும். அதனால் யாராவது "இந்த வளைகுடாவுக்கு ஏன் வருகிறது" என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, பக்கத்தில் குட்டி தெரிகிறதா, இல்லை மேலே கடற்பறவைகள் மொய்க்கிறதா என்பதுதான். குட்டி என்றால் அது தொட்டில், பறவை என்றால் பந்தி. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் தொட்டில் வளைகுடாக்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எந்த மாசம் வரும்? எங்கெல்லாம் வரும்?

பூமியின் எந்தப் பாதி என்பதைப் பொறுத்தது. தென்பாதியில் குளிர்காலம் ஜூனில் தொடங்குவதால், ஆஸ்திரேலியாவின் ஹெர்வி வளைகுடாவில் ஹம்ப்பேக்கை ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் தாண்டும் வரை பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் ஹெர்மானஸ் ஊரை ஒட்டிய வாக்கர் வளைகுடாவிலும், அர்ஜென்டினாவின் வால்டேஸ் தீபகற்பத்தின் இரண்டு பக்க வளைகுடாக்களிலும் தெற்கு ரைட் திமிங்கலங்கள் ஜூனில் வர ஆரம்பித்து வருடக் கடைசிவாக்கில் கிளம்பிவிடும்.

வடபாதியில் இது அப்படியே தலைகீழ். ஹவாயின் மாவி தீவுக் கடலில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, டொமினிக்கன் குடியரசின் சமானா வளைகுடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஹம்ப்பேக். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா காயல்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சாம்பல் திமிங்கலம், அது ஆர்க்டிக் பக்கத்திலிருந்து கரையோரமாகவே நீந்தி வருகிறது, போக வர 16,000 கிலோமீட்டருக்குக் குறையாது.

வந்த இடத்துல என்ன சாப்பிடும்?

தொட்டில் வளைகுடாவில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கோடையில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் காலம் ஓடுகிறது. தாயின் நிலைமைதான் கடினம், தானும் பட்டினி, குட்டிக்குப் பாலும் கொடுக்க வேண்டும். மறுபடி தீனிக் கடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம்.

அந்தப் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. ஹம்ப்பேக்கின் பாலில் 35 முதல் 50 சதவீதம் வரை கொழுப்பு, மனிதத் தாய்ப்பாலில் சுமார் 4. பற்பசை மாதிரி கெட்டியாக இருப்பதால் தண்ணீரில் சட்டென்று கரைந்து போகாது. தாய் அசையாமல் மிதக்க, குட்டி அவள் வயிற்றுக்குக் கீழே நழுவிப் போய்க் கொஞ்ச நேரம் குடித்துவிட்டு மூச்சுக்கு மேலே வரும், அப்புறம் மறுபடி கீழே. மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சும்மா கிடப்பது போலத்தான் தெரியும்.

அப்ப சாப்பாடு இருக்குற இடத்துலயே குட்டி போட்டுக்க வேண்டியதுதானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, விஞ்ஞானிகளும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிற கேள்வி. ரொம்ப நாளாகச் சொல்லப்பட்ட காரணம் குளிர். பிறந்த குட்டிக்குக் கொழுப்பு அடுக்கு மெல்லியது, வெதுவெதுப்பான நீரில் உடம்பைச் சூடாக வைக்கச் செலவு குறைவு, மிச்சமாவது எல்லாம் வளர்ச்சிக்குப் போகும் என்றார்கள். இது மட்டும் போதாது என்று சொல்பவர்கள் ஓர்க்காவைக் காட்டுகிறார்கள். கூட்டமாக வேட்டையாடும் அந்தக் கொலைகாரத் திமிங்கலங்கள் குளிர் கடலில்தான் அதிகம், குட்டியை அங்கிருந்து அப்புறப்படுத்துவதே முக்கியம் என்பது அவர்கள் வாதம். வெப்பக் கடலில் ஓர்க்காவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கடலில் அவை ஹம்ப்பேக் குட்டிகளைப் பிடிப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் தோல். குளிர் கடலில் சூட்டைக் காப்பாற்றுவதற்காகத் தோலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு குறைத்துக்கொள்கிறது, பழைய தோல் உதிர்ந்து புதுத் தோல் வருவது மந்தமாகிறது, நுண்பாசி படிந்து சில சமயம் உடம்பே மஞ்சள் பூத்துப்போகிறது. சூடான கடலுக்கு வந்தால் ரத்தம் தோலுக்குத் திரும்பும், தோல் உரியும். குட்டியே இல்லாத திமிங்கலமும் இவ்வளவு தூரம் ஏன் வருகிறது என்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது. என் கணக்கில் மூன்றுமே உண்மை, எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை.

எல்லாம் ஒரே கூட்டமா வருமா?

இல்லை. ஹம்ப்பேக்குகளில் வரிசை இருக்கிறது. வெப்பக் கடலை நோக்கி முதலில் கிளம்புபவை போன வருடக் குட்டியோடு இருக்கும் தாய்கள், அடுத்து இளவட்டங்கள், பிறகு வளர்ந்த ஆண்கள், எல்லோருக்கும் கடைசியாகச் சினைப்பட்ட பெண்கள், அவை தீனிக் கடலில் கடைசி வாய் வரை தின்றுவிட்டுத்தான் புறப்படும். திரும்பும்போது புதிதாகச் சினைப்பட்டவை முந்திக்கொள்ளும், கைக்குட்டியோடு இருக்கும் தாய் கடைசி. குட்டி கொஞ்சம் பலம் பிடிக்க வேண்டுமே.

ஹெர்வி வளைகுடாவில் இந்த வரிசை கண்கூடாகத் தெரியும். பருவத் தொடக்கத்தில் போனால் இளசுகளையும் வளர்ந்த பெண்களையும் அதிகம் பார்க்கலாம், செப்டம்பர், அக்டோபரில் தாயும் குட்டியும்தான் பெரும்பாலும். குட்டி பார்க்க ஆசைப்பட்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

போன வருஷம் வந்ததே மறுபடி வந்திருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?

ஹம்ப்பேக் ஆழமாக முங்கும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டு, விளிம்பின் வெட்டு, வடு எல்லாம் சேர்ந்து நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. முன்பெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து படத்தோடு படம் ஒப்பிட்டார்கள், இப்போது ஹேப்பிவேல் போன்ற தளங்களில் சுற்றுலாப் பயணி எடுத்த படத்தைப் போட்டால் கணினியே பழைய படங்களோடு பொருத்திப் பார்த்துவிடுகிறது.

ரைட் திமிங்கலத்துக்குத் தலையில் அடையாளம். தாடையிலும் கண்ணுக்கு மேலேயும் சொரசொரப்பான தோல் திட்டுகள் காய்ப்புக் காய்ச்சது போல இருக்கும், அதில் திமிங்கலப் பேன் குடியேறி வெள்ளையாகத் தெரியும். பேன் இடம் மாறலாம், திட்டின் அமைப்பு மாறாது. வால்டேஸில் அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் 1970-களின் தொடக்கத்தில் இப்படிப் படம் எடுத்து ஒவ்வொன்றாகப் பதிய ஆரம்பித்தார். அந்தப் பதிவேடு தொடர்வதால்தான் ஒரு பெண் குட்டி வளர்ந்து, தானும் குட்டியோடு அதே வளைகுடாவுக்கு வருவதைப் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது.

வழி எப்படித் தெரியுது? யாரு சொல்லிக் கொடுத்தா?

அம்மா. குட்டியின் முதல் பயணமே தாயின் விலாவை ஒட்டித்தான். பிறந்த வளைகுடாவிலிருந்து தீனிக் கடல் வரை தாயோடு போகும், ஏறக்குறைய ஒரு வருடம் கூடவே இருக்கும். எந்தக் கடலில் தின்பது, எந்த வளைகுடாவில் ஒதுங்குவது என்பது இப்படித்தான் தாய்வழியாக இறங்கி வருகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் சிக்கலான கேள்விகளுக்கெல்லாம் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

நடுக்கடலில் திசை பிடிப்பது வேறு விஷயம். செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஹம்ப்பேக்குகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நூல் பிடித்தது போல நேர்கோட்டில் போயிருக்கின்றன, நீரோட்டம் இழுத்தாலும் விலகல் ஒரு டிகிரிக்கும் குறைவு. சூரியன், பூமியின் காந்தப்புலம், கடலின் ஓசை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, எதுவும் இன்னும் முடிவாகவில்லை.

கரையில நின்னா எதைப் பாக்கணும்?

மூச்சை. பெரிய உடம்பைத் தேடாதீர்கள், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் புகை எழும்பிக் கரைகிறதா என்று பாருங்கள். ஹம்ப்பேக்கின் மூச்சு சுமார் 3 மீட்டர் உயரத்துக்குப் புதர் மாதிரி எழும்பும். ரைட் திமிங்கலத்துடையது இரண்டாகப் பிரிந்து நிற்கும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு முறை பார்த்துவிட்டால் கண்ணை எடுக்க வேண்டாம், வரிசையாக நாலைந்து மூச்சு விட்டுவிட்டுத்தான் ஆழத்துக்குப் போகும்.

அது முங்கின பிறகு தண்ணீரைப் பாருங்கள். சுற்றிலும் சிற்றலை அடிக்கிற கடலில் ஒரு இடம் மட்டும் எண்ணெய் ஊற்றியது போல வழவழவென்று வட்டமாகக் கிடக்கும். வால் வீசிய வேகத்தில் கீழிருந்து மேலே வந்த நீர் பரவி அலையை அமுக்கிவிடுவதால் வருவது அது, திமிங்கலத்தின் காலடித்தடம் என்பார்கள். வரிசையாக இரண்டு மூன்று தடம் தெரிந்தால் எந்தப் பக்கம் போகிறது என்று புரிந்துவிடும். காலடித்தடம் பார்க்கப் பழகியவர்கள் மற்றவர்களுக்கு முன்னாலேயே சரியான திசையில் திரும்பி நிற்பதைக் கவனித்திருக்கிறேன்.

அம்மாவும் குட்டியும் மணிக்கணக்கா அசையாம கிடக்கு, உடம்பு சரியில்லையா?

பெரும்பாலும் ஓய்வு. மரக்கட்டை மிதப்பது போலக் கிடந்து தாய் தெம்பைச் சேமிக்கிறது, குட்டி பால் குடிக்கிறது. யாரோ "உதவி" செய்யப் போய்ப் படகை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் போனால்தான் ஆபத்து. கரையில் தரை தட்டிக் கிடந்தால் அது வேறு, உடனே அந்தப் பகுதிக் கடல் உயிரின மீட்புக் குழுவுக்கோ கடலோரக் காவலுக்கோ சொல்ல வேண்டும், நீங்களாகவே கடலுக்குள் தள்ளப் பார்க்கக் கூடாது.

படகுல எவ்வளவு பக்கம் போகலாம்? அதுவே பக்கத்துல வந்தா?

ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு. ஆஸ்திரேலியாவில் பெரிய திமிங்கலத்துக்கு 100 மீட்டர், குட்டி இருந்தால் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஹவாயில் ஹம்ப்பேக்குக்கு 100 கெஜம். தென்னாப்பிரிக்காவில் உரிமம் இல்லாத படகு 300 மீட்டருக்குள் வரக் கூடாது. எங்கே போனாலும் குறுக்கே மறிக்காதீர்கள், பின்னால் துரத்தாதீர்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகாதீர்கள். அதுவாகப் பக்கத்தில் வந்தால் வேகத்தை அடக்கிக் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இந்தத் தூரமெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் குட்டிகளின் உடம்பில் ஒட்டும் ஒலிக்கருவி வைத்துக் கேட்டபோது, குட்டி தாயிடம் கிசுகிசுக்கிற குரலில்தான் பேசுகிறது என்று தெரிந்தது, சத்தம் போட்டால் ஓர்க்காவுக்கும் கேட்கும், துணை தேடி அலையும் ஆண்களுக்கும் கேட்கும். அந்தக் கிசுகிசுப்பை ஒரு இன்ஜின் சத்தம் முழுசாக விழுங்கிவிடும்.

சாம்பல் திமிங்கலம் மட்டும் இதில் தனி ரகம். பாஹாவின் சான் இக்னாசியோ காயலில் 1970-களிலிருந்து தாய்களே குட்டியைப் படகுப் பக்கம் கூட்டி வருகின்றன, தொடவும் விடுகின்றன. 1857-க்குப் பிறகு அதே பாஹா காயல்களில் சார்லஸ் ஸ்காமனும் பிற வேட்டைக்காரர்களும் புகுந்து கொன்றபோது தாய்கள் படகுகளை அடித்து நொறுக்கின, அதனால் அவற்றுக்குப் பேய்மீன் என்று பெயர் வைத்தார்கள். அதே இனம்தான்.

பாட்டுப் பாடுமாமே?

ஹம்ப்பேக்கில் ஆண்கள் பாடும், பெரும்பாலும் இந்த வளைகுடாப் பருவத்தில். ஒரு கடல் பகுதியில் எல்லா ஆண்களும் ஒரே பாட்டைப் பாடும், அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். கிழக்கு ஆஸ்திரேலியாவில் தோன்றிய பாட்டு ஓரிரு வருடத்தில் தீவு தீவாகத் தாவி பிரெஞ்சு பாலினேசியா வரை போனதை 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எண்ணிக்கை கூடிருச்சுன்னு சொல்றாங்களே, இனி கவலை இல்லைதானே?

சிலவற்றுக்கு நிஜமாகவே நல்ல காலம். கிழக்கு ஆஸ்திரேலிய ஹம்ப்பேக்குகள் 1960-களின் தொடக்கத்தில் சில நூறுதான் மிச்சம், டாங்கலூமா என்ற ஒரே வேட்டை நிலையம் 1952 முதல் 1962 வரை 6,277-ஐக் கொன்றிருந்தது, பிடிக்க ஆள் இருந்தும் திமிங்கலம் இல்லாமல்தான் மூடினார்கள். தென்பாதியில் ஹம்ப்பேக் வேட்டை 1963-ல் தடை செய்யப்பட்டது. இப்போது கிழக்கு ஆஸ்திரேலியாவில் 40,000-க்கும் மேல்.

ஆனால் கூடியது குறையவும் செய்கிறது. கிழக்கு பசிபிக் சாம்பல் திமிங்கலம் 2016-ல் சுமார் 27,000, 2023-ல் சுமார் 14,500, ஆர்க்டிக்கில் தீனி மாறியதுதான் முக்கியக் காரணம். பசிபிக் கடல் சூடேறிய 2014 முதல் 2016 வரையான காலத்துக்குப் பிறகு ஹவாயில் தாய், குட்டி ஜோடிகள் வெகுவாகக் குறைந்தன. ஹெர்மானஸ் பக்கம் ரைட் திமிங்கலம் 3 வருடத்துக்கு ஒரு குட்டி போட்டது போய், 4, 5 வருடம் ஆகிறது. வளைகுடா எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், வயிறு நிறையாத தாய் அந்த வருடம் வருவதில்லை.

இந்தியப் பெருங்கடல்லயும் இப்படி வருமா?

வரும், ஆனால் கதை வேறு. வடக்கே நிலம் அடைத்துக்கொண்டிருப்பதால் துருவக் கடலுக்குப் போக வழியே இல்லை. அரபிக்கடலில் ஒரு ஹம்ப்பேக் கூட்டம் இருக்கிறது, உலகத்திலேயே நெடும்பயணம் போகாத ஹம்ப்பேக் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று ஓமன் கரையில் ஆழத்து நீரை மேலே இழுத்து வருவதால் தீனி அங்கேயே கிடைக்கிறது. மற்ற ஹம்ப்பேக்குகளிடமிருந்து பிரிந்து சுமார் 70,000 வருடம் ஆகிவிட்டது. சோவியத் கப்பல்கள் 1960-களின் நடுவில் 242-ஐக் கொன்றன, இன்று ஓமன் பக்கம் 100-க்கும் குறைவு என்று கணிக்கிறார்கள். 2017-ல் ஓமனில் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கலம் அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து மன்னார் வளைகுடா வரை வந்துவிட்டுத் திரும்பியது. அந்தப் பாதையை வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இலங்கையில் திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது, மேலே மான்டரேக்குச் சொன்ன அதே அமைப்பு. நீலத் திமிங்கலங்கள் மார்ச், ஏப்ரல் வாக்கில் அங்கே கரைக்கு இவ்வளவு பக்கத்தில் தெரிவது அதனால்தான். அவையும் துருவத்துக்குப் போவதில்லை, வட இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயே சுற்றி வருகின்றன.

வழக்கமா வந்துட்டிருந்த வளைகுடாவுக்கு வர்றது நின்னு போச்சுன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தமா?

அவசியம் இல்லை. பந்தி வளைகுடாவாக இருந்தால் பந்தி இடம் மாறியிருக்கலாம். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் கோடை தவறாமல் கூடின, அவற்றுக்காக 2003-ல் கப்பல் பாதையையே நகர்த்தினார்கள். 2010-க்குப் பிறகு கடல் சூடேற, அவை தின்னும் சின்னஞ்சிறு மிதவை உயிரிகள் ஃபண்டியில் குறைந்து வேறு இடத்தில் பெருகின, திமிங்கலங்களும் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு இடம் பெயர்ந்தன. அங்கே அவற்றுக்கான ஏற்பாடு எதுவும் இல்லை. 2017-ல் மட்டும் கனடா, அமெரிக்கக் கடல்களில் மொத்தம் 17 திமிங்கலங்கள் இறந்து கிடந்தன, அவற்றில் 12 கனடாவில், பலவற்றில் கப்பல் மோதிய காயமும் மீன்பிடிக் கயிறு சுற்றிய தழும்பும். மொத்தமே 400-க்கும் கீழே இருக்கிற இனம்.

ஒரு வளைகுடா அடியோட காலியாயிருச்சு. மறுபடி அங்கே வருமா?

இங்கேதான் மேலே சொன்ன தாய்வழி நினைவு முக்கியமாகிறது. வழி தெரிந்த தாய்களை எல்லாம் கொன்றுவிட்டால் வளைகுடா அப்படியே இருக்கும், அதை நினைவில் வைத்திருக்கும் திமிங்கலம் இருக்காது. வேறு வளைகுடாவில் இனம் பெருகினாலும் அவை தங்கள் அம்மா காட்டிய இடத்துக்குத்தான் போகும், பெருகிப் பெருகி இடம் போதாமல் ஓரிரண்டு வழி தவறிப் புது இடத்தில் ஒதுங்கினால்தான் உண்டு. அதற்குப் பல தலைமுறை ஆகும். தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விகனில் 1904-ல் வேட்டை தொடங்கி நீலத் திமிங்கலத்தை வழித்தெடுத்தார்கள், பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கடலில் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம், 2020-ல் போன கணக்கெடுப்பில்தான் 55-ஐப் பார்த்தார்கள்.

இன்னொன்று டாஸ்மேனியாவின் டெர்வென்ட் ஆற்று முகம். ஹோபார்ட்டில் குடியேறிய பாதிரியார் ராபர்ட் நாப்வுட் 1804 ஜூலையில், ஆற்றில் திமிங்கலம் அவ்வளவு நிறைந்திருந்ததால் கரையை ஒட்டியே போகாவிட்டால் படகுக்கு ஆபத்து என்று நாட்குறிப்பில் எழுதினார். அவை ரைட் திமிங்கலங்கள், குட்டி போட வந்தவை. வளைகுடா வேட்டைக்காரர்கள் குட்டியை முதலில் குத்துவார்கள், தாய் விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வரும், அப்போது தாயைக் குத்துவார்கள். சில பத்தாண்டுகளில் எல்லாம் முடிந்தது. அதன்பிறகு அந்த ஆற்றில் ஒரு குட்டி பிறந்தது 2010-ல், இடையில் ஏறக்குறைய 190 வருடம்.